ராமனும் ரவிக்கைத் துணியும்

போன மாசம் ஓமலூர் கடைவீதியில் ஒரு மேட்சிங் சென்டர். அத்தையின் இளம்பிள்ளைச் சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போயிருந்தோம். டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கும் அரக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டன. அத்தை நம்பவில்லை. "வெளிய கொண்டாந்து வெயில்ல பாரு கண்ணு" என்றார். வாசலுக்கு வந்ததும் துணி பழுப்படித்தது.

அந்த வாரம்தான் சி.வி. ராமனின் 'தி ஃபிசியாலஜி ஆஃப் விஷன்' நூலைப் படித்துக்கொண்டிருந்தேன். 1968இல் பெங்களூர் இந்திய அறிவியல் அகாதமி வெளியிட்டது. எண்பதை எட்டிக்கொண்டிருந்த ராமன், பூக்களையும் துணிகளையும் நிறமாலைமானி வழியாகப் பார்த்துப் பார்த்து எழுதியது. படிக்கச் சுகமான புத்தகம்தான். ஆனால் அதன் மையமான வாதம் தப்பு. கண்ணில் மூன்று வகை ஏற்பிகள் இருக்கின்றன, எல்லா நிறமும் அவற்றின் கணக்கு என்ற கொள்கையை ராமன் ஏற்கவில்லை.

அந்தக் கொள்கை என்ன சொல்கிறது? சோடியம் விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டர் அலைநீளம். உங்க போன் திரையில் தெரியும் மஞ்சளில் அந்த ஒளிக்கென்று தனிப் புள்ளியே கிடையாது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான் எரிகின்றன. ரெண்டும் கண்ணின் கூம்பு செல்களை ஒரே விகிதத்தில் தூண்டினால் மூளைக்கு ரெண்டும் ஒன்றுதான். காது அப்படி இல்லை. நாதஸ்வரமும் ஒத்தும் சேர்ந்து ஒலித்தாலும் ரெண்டையும் பிரித்துக் கேட்கலாம். கண்ணுக்கு அந்தப் பிரிக்கும் வேலை தெரியாது, மூணு எண்ணிக்கை மட்டும்தான் உள்ளே போகும்.

அத்தையின் துணி ஏமாற்றியதும் இதனால்தான். ரெண்டு துணிக்கும் சாயம் வேறு. கடை வெளிச்சத்தில் மூணு எண்ணிக்கையும் தற்செயலாக ஒத்துப்போனது. வெயிலின் கலவை வேறு என்பதால் கணக்கும் மாறிவிட்டது.

தாமஸ் யங் 1802இல் ஊகமாகச் சொன்னது இது. 1964இல் அமெரிக்காவில் ரெண்டு குழுக்கள் தனித்தனிக் கூம்பு செல்லுக்குள் ஒளியைச் செலுத்தி, மனிதக் கண்ணில் மூன்று வகை நிறமிகள் இருப்பதை அளந்தே காட்டின. ராமனின் புத்தகம் வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. என் பெரிய மனக்குறை இதுதான்.

ஆனால் ராமனை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. மஞ்சளுக்கு அவர் தனி இடம் கொடுக்கிறார். யோசித்துப் பாருங்க: ஊதாவில் நமக்குச் சிவப்பும் நீலமும் தெரிகிறது, மஞ்சளில் சிவப்போ பச்சையோ தெரிகிறதா? இல்லை. இந்த அனுபவம் உண்மை. ஹெரிங் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பிடித்துவிட்டார். 1950களில் ஹர்விச், ஜேம்சன் தம்பதி அதை அளந்து பார்த்தார்கள். கூம்புகளுக்கு அடுத்த கட்டத்தில் நரம்புகள் அந்த மூணு எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்து, சிவப்பா பச்சையா, மஞ்சளா நீலமா என்று எதிரெதிராக வைக்கின்றன. ஆக, மூன்று ஏற்பிகளும் உண்மை, மஞ்சள் தனி நிறமாகத் தோன்றுவதும் உண்மை. ரெண்டும் வெவ்வேறு கட்டங்கள். ராமன் இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறுத்தார்.

பிப்ரவரி 28 வந்தால் பள்ளிகளில் ஒரே கதைதான்: 1921இல் கப்பலில் போன ராமன், கடல் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்ற ராலேயின் விளக்கத்தைச் சந்தேகித்தார், ஜெயித்தார். அங்கே கையில் நிக்கல் பட்டகம் இருந்தது, வானப் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். 1968இல் அதே சந்தேகம் இருந்தது, அந்தச் சோதனை இல்லை. தன் கண்ணையே கருவியாக நம்பினார். கூம்பு செல்லுக்குள் நடப்பதைக் கண்ணே பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இந்த ரெண்டாவது கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ராமன் அதனால் சின்னவராகிவிட மாட்டார். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிற பழக்கம் நோபல் வாங்கியவருக்கும் வேணும் என்பது மட்டும் பிள்ளைகளுக்குப் புரியும்.

ரவிக்கைத் துணியை, கடைசியில், வெயிலில் நின்றே எடுத்தோம்.