கொலைகாரனுக்கு ஒரு பின்கதை

‘பதினாறு வயதினிலே’, ‘கிழக்கே போகும் ரயில்’ இரண்டும் அடுத்தடுத்து ஓடிய பிறகு, பாரதிராஜாவுக்குக் கிராமத்தை விட்டால் வேறு தெரியாது என்றொரு பேச்சு கிளம்பியது. 1978 அக்டோபரில் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ அதற்கு அவர் சொன்ன பதில். ‘பதினாறு வயதினிலே’யின் சப்பாணிக்குக் கோட்டு மாட்டினார், மயிலைத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்த்தார், நிவாஸின் கேமராவை வயல்வெளியிலிருந்து ஒரு பணக்கார பங்களாவுக்குள் கொண்டுபோனார். தமிழில் தொடர்கொலைப் படம் என்றால் இன்றும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கொலைகாரன் யார் என்பதை இந்தப் படம் மறைத்து வைத்து விளையாடுவதில்லை. நாயகன் திலீப் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரியும், அவனைக் காதலிக்கும் சாரதாவுக்குத் தெரியாது. அவன் அவளிடம் சிரித்துப் பேசும் ஒவ்வொரு காட்சியும் இதனாலேயே பதறவைக்கிறது. அப்போது 24 வயதுகூட நிறையாத கமல்ஹாசன் கண்ணை உருட்டாமல், குரலை உயர்த்தாமல், கண்ணியமான தொழிலதிபராகவே வந்துபோகிறார். காதல் பாட்டான ‘நினைவோ ஒரு பறவை’யை அவரே ஜானகியோடு பாடியிருக்கிறார். படத்தைப் பார்க்காமல் அதை ரசிப்பவர்களுக்கு அது வெறும் இனிமை. பார்த்தவர்களுக்கு, கொலைகாரனே தன் சொந்தக் குரலில் கொஞ்சுவது. இளையராஜா அந்த மெட்டில் ஆபத்தின் சாயலே விழாமல் பார்த்துக்கொண்டதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

படத்தின் ஆகத் துணிச்சலான கற்பனை வேறிடத்தில் இருக்கிறது. கொலை படம்பிடிக்கப்படுகிறது. திலீப்பின் வளர்ப்புத் தந்தை அதை வீட்டிலேயே போட்டுப் பார்த்து மகிழ்கிறார். பிணத்தின் மேல் ரோஜாச் செடி நடப்படுகிறது. மைக்கேல் பவல் இங்கிலாந்தில் 1960-இல் எடுத்த ‘பீப்பிங் டாம்’ படத்திலும் கொலைகாரன் தான் கொல்லும் பெண்களைப் படம்பிடிப்பான், அங்கும் அவனை அப்படி ஆக்கியவர் ஒரு தந்தைதான். ஆனால் பவல், ‘நீயும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்’ என்று பார்வையாளரைக் கடைசிவரை உறுத்துகிறார். லண்டன் விமர்சகர்கள் அவரைக் கிழித்துப்போட்டதற்கு அந்த உறுத்தலும் ஒரு காரணம். இருட்டில் உட்கார்ந்து பெண் சாவதைப் பார்க்கும் கிழவரைக் காட்டிய பாரதிராஜா, அவரும் தியேட்டரில் இருப்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்ற இடம்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

அவர் திரும்பிப் போவது பின்கதைக்கு. அநாதைச் சிறுவன் ஒரு வீட்டில் அடைக்கலமாக இருக்கிறான். அந்த வீட்டுப் பெண் அவனை நெருங்குகிறாள், மாட்டிக்கொண்டதும் பழியை அவன்மேல் போடுகிறாள். அடுத்து அவனை வளர்ப்பவரின் மனைவி கணவன் இல்லாத நேரத்தில் வேறொருவனோடு இருக்கிறாள், கணவர் வந்து அவளைக் குத்துகிறார். ‘குத்துங்க எசமான், குத்துங்க’ என்ற அந்த வசனம் இன்று கேலிக்குப் பயன்படும் அளவுக்குப் பரவிவிட்டது. கெட்டவளாக ஒருத்தி இருக்கலாம். ஆனால் சிறுவன் சந்திக்கும் முக்கியமான பெண்கள் எல்லோரும் அப்படியே என்றால், அது அவன் மனநோயின் கணக்கா, திரைக்கதையின் கணக்கா? அவன் முடிவு தவறு என்று காட்ட அந்தக் காட்சிகளுக்குள் ஒரு நல்ல பெண் முகம்கூட இல்லை. நோயாளியின் பார்வையைக் கதையே சாட்சி சொல்லி நிரூபித்துக் கொடுக்கிறது.

சாகிறவர்களும் பிழைக்கிறவளும் அதே கணக்கில்தான் வருகிறார்கள். அவனோடு தாராளமாகப் பழகி வருகிறவர்கள் தோட்டத்துக்குப் போகிறார்கள். தாலி கட்டிக்கொண்டு வந்த சாரதா தப்பிக்கிறாள். அமெரிக்காவில் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ வெளியானதும் அதே அக்டோபரில்தான். அங்கும் ஒழுக்கமான பெண்ணே மிஞ்சுகிறாள், ஆனால் கொலைகாரனுக்காகக் காத்திருக்கும் வேலை அவளுக்கு இல்லை. சாரதாவோ சிறையில் புத்தி பேதலித்துக் கிடப்பவனைப் போய்ப் போய்ப் பார்க்கிறாள். எத்தனையோ பெண்களைப் புதைத்தவனுக்குப் பதிவிரதை ஒருத்தியைப் பரிசாகக் கொடுத்து முடிப்பதை என்னால் சோகமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. (படம் வந்தபோது சாரதாவாக நடித்த ஸ்ரீதேவிக்கு வயது 15. அன்று அது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.)

பின்னால் வந்தவர்கள் நிவாஸின் ஒளியையோ இளையராஜாவின் அடக்கத்தையோ அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை, பின்கதையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ‘மன்மதன்’ (2004) துரோகம் செய்யும் பெண்களைத் தேடிப்பிடித்துக் கொன்றது, கைத்தட்டலும் வாங்கியது. ‘ராட்சசன்’ (2018) கொலைகாரனின் தொடக்கம் ஒரு சிறுமியின் நிராகரிப்பு. மிஷ்கினின் ‘சைக்கோ’வில் (2020) அது ஒரு ஆசிரியை. நுட்பம் எவ்வளவோ வளர்ந்த பிறகும், எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு பெண் ஏதோ செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

காலம் அப்படி என்று சொல்லி இதைத் தள்ளிவிடவும் வழியில்லை. அதே 1978 தீபாவளியை ஒட்டி ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ வந்தது. இசை அதே இளையராஜா. அதிலும் கமல் கையில் கேமராதான், ஆனால் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவராக அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்கிறார். நாயகி மஞ்சுவுக்கு அங்கே ஒரு பின்கதை உண்டு, அவளை அப்படி ஆக்கிய ஆண்கள் அதில் இருக்கிறார்கள். முதல் வெளியீட்டில் அந்தப் படம் ஓடவில்லை.