கூரைக்கு நுரை: துண்டறிக்கையில் இல்லாத நீர்க்கணக்கு

வெயிற்காலம் நெருங்கினால் நாளிதழின் மடிப்பிலிருந்து துண்டறிக்கைகள் உதிர்கின்றன. கூரையில் பாலியூரித்தேன் நுரையைப் பீய்ச்சிவிட்டால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்பது அவற்றுள் சிலவற்றின் வாக்குறுதி. அத்தகைய மூன்று துண்டறிக்கைகளைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். மூன்றிலும் வெப்பத்தைப் பற்றிய எண்கள் நிறைய இருக்கின்றன. நீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சென்னை போன்ற கடற்கரை ஊரில் வீடு வைத்திருப்பவருக்கு இது சிறு குறை அன்று.

முதலில் நுரைக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்னும் வேதியியலாரும் அவர் குழுவினரும் கண்டறிந்த வேதிவினையே இதற்கு அடிப்படை. ஐசோசயனேட், பாலியால் என்னும் இரு நீர்மங்கள் கருவியின் முனையில் கலந்து வெளிவருகின்றன. சில நொடிகளில் உப்பிக் கெட்டியாகின்றன. வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு பிளாஸ்டிக்குடையது அன்று. அதன் நுண்ணிய கண்ணறைகளில் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் வளிமத்துடையது. கண்ணறைகள் மூடியுள்ள வகையின் வெப்பக் கடத்துதிறன், மீட்டர்–கெல்வினுக்கு ஏறத்தாழ 0.025 வாட். கான்கிரீட்டுக்கு 1.6 என்று கொள்ளலாம். அப்படியானால் 2.5 செ.மீ. நுரை, 160 செ.மீ. கான்கிரீட்டுக்கு ஈடு! (புதிய நுரை இன்னும் குறைந்த எண்ணைக் காட்டும். நாள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் வளிமம் வெளியேறிக் காற்று புகும், எண் உயரும். துண்டறிக்கையில் அச்சாவது நுரை பிறந்த அன்றைய எண்.)

பருமனைப் பற்றிய பேச்சில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. கான்கிரீட் தளத்தின் வெப்பத்தடை 0.09. மேலும் கீழும் ஒட்டியிருக்கும் காற்றுப் படலங்களின் தடை 0.21. ஆக மொத்தம் 0.30. இதன் தலைகீழி 3.3. அதாவது, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 3.3 வாட் வெப்பத்தை உள்ளே விடும். 2.5 செ.மீ. நுரை போட்டால் இது 0.77 ஆகிறது. முக்கால் பங்குக்கு மேல் நின்றுபோயிற்று! 5 செ.மீ. போட்டால் 0.43, 10 செ.மீ. போட்டால் 0.23. முதல் 2.5 செ.மீ. தடுத்தது 2.5 வாட், கடைசி 5 செ.மீ. தடுப்பது வெறும் 0.2 வாட். விலை மட்டும் பருமனோடு ஏறிக்கொண்டே போகும். குடியிருப்புகளுக்கான இந்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பாகிய எக்கோ நிவாஸ் சம்ஹிதா (2018) கூரைக்கு வைத்திருக்கும் மேல் வரம்பே 1.2தான்.

வெள்ளையடிப்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். கறுத்துப் போன தளம் வெயிலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை ஏற்றுக்கொள்கிறது. வெள்ளைத் தளம் 30 விழுக்காட்டை. காற்று 35 டிகிரியில் இருக்கும் உச்சி வேளையில் முன்னது சுமார் 65 டிகிரிக்கும், பின்னது 48 டிகிரிக்கும் ஒப்பாக நடந்துகொள்ளும். அறைக்குள் 27 டிகிரி என்றால், ஒரு வாளிச் சுண்ணாம்பே உள்ளே வரும் வெப்பத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடுகிறது. குளிர்சாதனம் இல்லாத வீட்டுக்காரர் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

நிற்க. நீருக்கு வருவோம்.

குளிர்ந்த மோர் ஊற்றிய டம்ளர் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். 32 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. இதைவிடக் குளிர்ந்த பரப்பு எது கிடைத்தாலும் அக்காற்று அதன்மேல் நீரைப் படியவிடும். குளிர்சாதனம் ஓடும் அறையோ 24 டிகிரியில் இருக்கிறது. வெளியே நீராவியின் அழுத்தம் 3.3 கிலோபாஸ்கல், அறைக்குள் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் 1.5 கிலோபாஸ்கல். ஆகவே நம் கடற்கரையில் நீராவி வெளியிலிருந்து உள்ளே புகத்தான் பார்க்கிறது. பனி பெய்யும் நாட்டில் குளிர்காலத்தில் இதன் திசை நேர் எதிர். அங்குள்ள வீட்டுக்காகச் சொன்ன அறிவுரையை அப்படியே இங்கு அச்சிட்டு என்ன பயன்?

நுரையில் இரண்டு வகை. திறந்த கண்ணறை நுரை ஒரு கன மீட்டருக்கு 8 கிலோ அளவே எடையுள்ளது, விலை குறைவு, நீராவி அதன் ஊடே தாராளமாகச் செல்லும். மூடிய கண்ணறை நுரை 32 கிலோ அளவில் இருக்கும், 5 செ.மீ. இருந்தால் நீராவியைப் பெரும்பாலும் மறித்துவிடும். முன்னதை, ‘மூச்சுவிடும் நுரை’ என்று ஒரு துண்டறிக்கை புகழ்கிறது. எந்தப் பக்கமாக மூச்சுவிடும் என்று கேட்க வேண்டாமா? அதைத் தளத்தின் அடியில் பீய்ச்சி, ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிட்டதாகக் கொள்வோம். மழையில் நனைந்த தளத்தை மறுநாள் வெயில் சுடுகிறது. தளத்தின் ஈரம் ஆவியாகி, நுரையைக் கடந்து, குளிர்ந்த பலகையின் முதுகில் மீண்டும் நீராகிறது. அங்கே பூஞ்சை வளர்வதை ஒருவரும் பார்ப்பதில்லை.

சரி, மூடிய கண்ணறை நுரையை அடியில் அடித்தால்? இது இன்னும் மோசம் என்பது என் கருத்து. மேலே விரிசல் வழியாக இறங்கும் நீருக்குக் கீழே வர வழியில்லை; அது தளத்துக்குள்ளேயே தங்குகிறது. சாதாரண வீட்டில் கூரையின் அடியில் ஓதம் பூக்கும். நாம் கொத்தனாரை அழைப்போம். அந்த ஓதம்தான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. நுரை அதன் வாயை அடைத்துவிடுகிறது. உப்புக் காற்றில் கான்கிரீட்டின் கம்பி துருப்பிடிக்கும் வேகம் நமக்குத் தெரியாததன்று. துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பிரிட்டனில் ஓட்டுக் கூரையின் மரச் சட்டங்களுக்கு அடியில் நுரை பீய்ச்சிய வீடுகளுக்குக் கடன் தரப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. மரம் உளுத்ததா, நன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியவில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணங்களுள் முதன்மையானது.

ஆகவே நம் ஊர்க் கான்கிரீட் கூரைக்கு நுரை வேண்டுமென்றால், அது மூடிய கண்ணறை நுரையாக, தளத்தின் மேலே இருக்க வேண்டும். நீராவி வரும் பக்கத்திலேயே அது மறிக்கப்படும். தளமும் வெயிலில் வேகாது. மேலே போடுவதற்கு 45 முதல் 50 கிலோ அளவுள்ள கெட்டியான நுரை ஏற்றது. புற ஊதாக் கதிர் அதை அரித்துப் பொடியாக்கும் என்பதால் வெறுமனே விடக் கூடாது. வடகம் காயவைக்கும் மாடியானால் அதன்மேல் தட்டோடு பதித்தே ஆக வேண்டும். இந்தச் செலவு துண்டறிக்கையின் விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. நுரை எரியும் பொருள் என்பதும், எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும் என்பதும் அப்படியே. பீய்ச்சும் தொழிலாளிக்கு ஐசோசயனேட்டால் ஆஸ்துமா வரக்கூடும்; கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு செய்யும் வேலையன்று இது.

இன்னொன்று. ஐசோசயனேட் நீரோடும் வினைபுரிந்து கரியமில வாயுவைத் தரும். ஈரத் தளத்தில் பீய்ச்சினால் நுரை தளத்தோடு சரியாக ஒட்டாது. பின்னர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் தள்ளுபடி என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். மழை நின்ற பிறகும் தளம் உலர்ந்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. அரை மீட்டர் சதுரமுள்ள பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டி, ஓர் இரவு முழுதும் விட்டு, மறுநாள் காலையில் தூக்கிப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் இருந்தாலோ, தளம் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ, நுரைக்காரரை இன்னும் சில வாரங்கள் கழித்து வரச் சொல்ல வேண்டியதுதான்.