காத்திருக்கும் வரிகள்

நன்றாக எழுதிய ஒரு ரவுட்டர் கான்ஃபிகரேஷனில் ரசிக்க வேண்டியவை, நல்ல நாளில் எந்த வேலையும் இல்லாமல் கிடக்கும் வரிகள்தாம். கொல்கத்தாவின் சால்ட் லேக் செக்டார் ஐந்தில் இயங்கும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். தலைமையகத்தோடு பேச ஒரு லீஸ்டு லைன். அது போனால் கைகொடுக்க வேறொரு நிறுவனத்தின் பிராட்பேண்ட். லீஸ்டு லைனை ஓடவைக்கப் பத்திருபது வரிகள் போதும், கையேட்டைப் பார்த்து எவரும் எழுதிவிடலாம். அது அறுந்த நொடியில் எது நடக்க வேண்டும், எது நடக்கவே கூடாது என்பதை முன்கூட்டியே யோசித்து எழுதுவதில்தான் கைத்திறன் தெரிகிறது.

இதைப் பேசக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. அங்கே மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் புரூக் ஓ'ஷாக்னஸி 1839இல் 21 மைல் கம்பி கட்டித் தந்தி அனுப்பிப் பார்த்தார். 1851இல் நகரத்தை டைமண்ட் ஹார்பரோடு இணைத்தார். மெல்லிய கம்பியை விட்டுவிட்டுத் தடித்த இரும்புக் கம்பியை அவர் எடுத்துக்கொண்டார். வங்காளத்தில் தொலைதொடர்பு தொடங்கும்போதே, கம்பி அறுந்துபோகும் என்ற கவலையும் தொடங்கிவிட்டது. அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தபோது கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை.

இணைப்பு அறும் நொடிக்கான முன்யோசனையைக் கிட்ட நின்று பார்க்கலாம். முதன்மை வழியை பிஜிபி நெறிமுறை கற்றுக்கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிஸ்கோ ரவுட்டரில், வெளி நிறுவனத்திடமிருந்து பிஜிபி கொண்டுவரும் வழிக்கு 20 என்ற எண். கையால் எழுதும் வழிக்கு 1. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. ஆகவே மாற்று வழியை யோசிக்காமல் எழுதினால், அது முதன்மை வழியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றுவிடும். அனுபவசாலி அந்த வரியின் கடைசியில் 250 என்று சேர்க்கிறார். அவ்வளவுதான்; பிஜிபி வழி இருக்கும்வரை அந்த வரி ரவுட்டரின் வழி அட்டவணைக்குள்ளேயே வராது, அது மறைந்ததும் தானாக வந்து உட்காரும். ஆனால் அறுந்தது ரவுட்டருக்குத் தெரிய வேண்டுமே! ஃபைபர் ஹவுராவில் அறுந்தாலும், கட்டடத்துக்குள் இருக்கும் மீடியா கன்வர்ட்டரோடு பிணைந்த போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அதே ரவுட்டரின் வழக்கமான அமைப்பில், எதிர்முனை இறந்துவிட்டதென்று பிஜிபி முடிவு செய்ய 180 விநாடி ஆகும். எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று விரைவாகக் கண்டறியும் பிஎஃப்டி நெறிமுறையைச் சேர்த்து, 300 மில்லிவிநாடிக்கு ஒருமுறை விசாரித்து மூன்று முறை பதில் வராவிட்டால் கைவிடு என்று எழுதினால், ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும். அதற்காக அந்த மில்லிவிநாடி எண்ணை மேலும் மேலும் குறைப்பவர் நல்ல கலைஞர் அல்லர்; சற்றே தடுமாறும் லைனில் வழி இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். லைனின் குணமறிந்து எண்ணைத் தேர்வதே ரசனை.

மாற்று வழிக்கு வந்தபின்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிராட்பேண்ட் பிபிபிஓஇ முறையில் வந்தால், ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டை அது எடுத்துக்கொள்ளும். 1500 பைட் 1492 ஆகிவிடும். இதைக் கவனிக்காவிட்டால் பிங் போகும், சிறிய பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கும். டிசிபியின் துண்டு அளவை 1452 என்று கட்டுப்படுத்தும் ஒரே வரி, மணிக்கணக்கான தேடலை மிச்சப்படுத்துகிறது.

ரவுட்டர்களை மென்பொருளால் மையமாக நிர்வகிக்கும் எஸ்டி-வேன் வந்தபின் இதற்கெல்லாம் என்ன மதிப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நூறு கிளைகளுக்கு ஒரே இடத்திலிருந்து கான்ஃபிகரேஷன் அனுப்புவது பெரிய வசதி, எழுத்துப்பிழைகளும் குறைகின்றன. ஆனால் எத்தனை மில்லிவிநாடி தாமதத்தை மோசம் என்று கருதுவது, நெரிசலில் தொலைபேசி உரையாடலுக்கு வழிவிட்டு எதை நிறுத்திவைப்பது என்பதை மனிதரே சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால், அந்தத் தவறு ஒரே சமயத்தில் நூறு கிளைகளுக்கும் போய்ச்சேரும். பணமிருந்தால் இரண்டு லைன் வாங்கலாம், இதில் கலை எங்கே என்பது இன்னொரு வாதம். இரண்டு நிறுவனங்களின் கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கினால், ஒரே மரம் இரண்டையும் வீழ்த்தும். எது எந்தத் தெரு வழியாக வருகிறது என்று விசாரித்து, அதை சர்க்யூட் எண்ணோடு ஒவ்வொரு இணைப்பின் விளக்கவரியிலும் எழுதிவைப்பவரே பணத்துக்குப் பயன் தேடித்தருகிறார். ரவுட்டர் அந்த விளக்கவரியைப் பொருட்படுத்துவதில்லை. நள்ளிரவில் இணைப்பு போய் ஓடிவரும் அடுத்த பொறியாளருக்காகவே அது எழுதப்படுகிறது. முகம் தெரியாத அந்த வாசகரை நினைத்து எழுதுவதால்தான் இதைக் கலை என்கிறேன்.

இந்தக் கலையை மதிப்பிட ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆண்டுதோறும் காலபைசாகி எனும் கோடைப் புயற்காற்று தொடங்கும் முன், எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, அலுவலக நேரம் முடிந்தபின் முதன்மை லைனைக் கழற்றுங்கள். தொலைபேசி உரையாடல் நடுவில் அறுகிறதா, பெரிய கோப்பு போய்ச்சேருகிறதா, லைனைத் திரும்ப மாட்டியதும் வழி ஒழுங்காகப் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். அப்படிச் சோதித்துப் பார்க்காத மாற்று வழியை இருப்பதாகவே கணக்கில் கொள்ளாதீர்கள்.