ஓசையை எழுதும் மரபு

ஒலிக்குறிப்பைத் தமிழ் இலக்கணம் என்றுமே சில்லறைச் சொல்லாக ஒதுக்கியதில்லை. தொல்காப்பியர் உரிச்சொல்லை வகுக்கும்போதே இசை (அதாவது ஓசை), குறிப்பு, பண்பு மூன்றையும் ஒருங்கே வைத்தார். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் நிற்காது என்று அவர் வகுத்ததை 13ஆம் நூற்றாண்டில் நன்னூலும் ஏற்றுக்கொண்டது. நன்னூல் தந்த பவணந்தியாரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்லும் வழக்கம் நம் கொங்கில் உண்டு.

'என' என்ற இடைச்சொல் இசையோடும் வரும் என்று தொல்காப்பியர் எண்ணிச் சொன்னதைத்தான் இன்று எழுதுவோர் முதலில் படிக்க வேண்டும். "படார்! கதவு மூடியது" என்று எழுதினால் ஓசை ஒரு பக்கம், செயல் ஒரு பக்கம் கிடக்கும். "கதவைப் படாரென்று சாத்தினாள்" என்றால் அவள் கோபமும் கூடவே வந்துவிடும். ஓசையை வினையோடு கட்டுவதே தமிழ் உரைநடையின் வழி.

சந்தத்தின் வழி வேறு. போர்க்களத்தின் இரைச்சலைக் கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் சந்தத்திலேயே எழுப்பினார். அருணகிரிநாதர் தாளச் சொற்கட்டுகளைத் திருப்புகழுக்குள் கோத்தார். பாரதி மழையைப் பாட ஜதியை அழைத்தார். இவை வாய்விட்டுப் படிக்க வேண்டியவை. உரைநடை இந்த வழியில் இறங்கினால் நாலு வரியில் இளைத்துப்போகும்.

நம் மண்ணில் உடுக்கைப் பாட்டும் இருக்கிறது. 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் அண்ணன்மார் சாமி கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்தக் கலையில் ஓசையைச் சொல்வது பாடகரின் வாய் பாதி, உடுக்கை பாதி. அச்சில் ஏறும்போது உடுக்கையின் பாதி போய்விடுகிறது. அதை ஈடுகட்டும் பொறுப்பு எழுதுபவர் தலையில் விழுகிறது.

ஒலிக்குறிப்பின் தரம் எதில் இருக்கிறது? எழுத்தைத் தேர்வதில்தான். சலசல என்பது ஓடைக்கும் இலைக்கும். சளசள என்பது மிதிபட்ட சேற்றுக்கும் ஓயாத பேச்சுக்கும். ளகரத்துக்கு நாக்கு கொஞ்சம் மடிகிறது, தெளிந்த நீர் குழம்பிவிடுகிறது. படக், பொத் என்று வல்லினத்தில் முடிந்தால் ஓசை அங்கேயே நிற்கும். கணீர் என்றால் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் நீளும். மழை பொட்டுப் பொட்டென்று தொடங்கும், பிடித்துக்கொண்டால் சோவென்று பெய்யும், தகரக் கொட்டகைமேல் தடதடவென்று இறங்கும். எல்லா மழைக்கும் 'சோ' போடுகிறவர் மழையைக் கேட்டு எழுதவில்லை.

தாராபுரம் வட்டத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பேச்சு உள்ளே வந்தால் அதன் ஓசைகளும் வரத்தான் செய்யும். பிறகு சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யும் எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை'யும் திருப்பூரை நாவலாக்கின. ஆனால் காற்றாலைக்கும் பவர்டேபிள் தையல் மிஷினுக்கும் நடுவே வளரும் இளைஞர்கள் எழுத வரும்போது, இயந்திரம் என்றாலே 'டக் டக்' என்று முடித்துவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனென்றால் சொற்கள் பனியன் கம்பெனிக்குள்ளேயே இருக்கின்றன. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்கா, "நூலு பொட்டுனு அந்து போச்சு" என்பார். ஊசி உடைந்தால் "படக்குனு ஒடிஞ்சிருச்சு" என்பார். நூல் மெல்லியது, இழுபட்டு விடுகிறது. ஊசி இரும்பு, ஒரே முறிவு. மிஷின் எண்ணெய்க்கு ஏங்கினால் "கரகரங்குது" என்பார், மெக்கானிக்குக்கு அதுவே போதும். ஆடிக்காற்றில் சுற்றும் காற்றாலைக் காத்தாடிக்கு 'உய்ங் உய்ங்' என்று ஒரு சொல்லைப் பிள்ளைகளே வைத்திருக்கிறார்கள். அதை இன்னும் நான் எந்தக் கதையிலும் படிக்கவில்லை.