கதையும் காரணமும்

தொழில்நுட்பத் துறையில் பணிபுரிகிறவர்களுக்குக் கணிதமும் நிரல் எழுதும் பழக்கமும் மட்டும் போதா, தாங்கள் செய்ததைப் பிறர் மனத்தில் பதியுமாறு கதையாக எடுத்துச் சொல்லும் ஆற்றலும் வேண்டும் என்ற அபிப்பிராயம் இப்போது பொறியியற் கல்லூரிகளிலும் கணினி நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளிலும் உறுதிப்பட்டுவிட்டது. ஒரு பாத்திரம், அதற்கு ஓர் இடையூறு, இடையூறு நீங்கிய முடிவு என்ற அமைப்பில் எந்தத் திட்டத்தையும் வார்த்துக் காட்டும்படி இளைஞர்கள் பழக்கப்படுகிறார்கள். இந்தப் பழக்கத்தில் மெய்யான பயன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், எந்தக் கதை ஒரு விஷயத்தின் காரணத்தைக் கேட்பவன் கையில் கொண்டுவந்து சேர்க்கிறது, எந்தக் கதை அதை மூடிவிடுகிறது என்ற விசாரணை சிறிதும் இல்லாமல் இது பரவிவருவது கவலைக்குரியது.

பயனை முதலில் பார்ப்போம். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் புகுத்திய காப்பிப் பயிருக்கு, அதிலும் அராபிகா வகைக்கு, பரம சத்துருவாக இருப்பது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. பட்டையின் வெடிப்புகளில் அது முட்டையிடும். பொரிந்து வரும் புழு தண்டினுள்ளே குடைந்து செல்லும். வெளியே தண்டைச் சுற்றி மேடு தட்டும். இலை மஞ்சளித்து வாடுவதைக் கண்டு விவசாயி விழித்துக்கொள்வதற்குள் செடி கைவிட்டுப் போயிருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டுகள் வெளிக்கிளம்புமாதலால், அதற்கு முன்பே நோயுற்ற செடியைத் தேடிப் பிடித்து வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிடுவதே மற்றச் செடிகளுக்குக் காவல். சாஸ்திரம் இவ்வளவுதான். ஆயினும், நட்டு நாலு வருஷம் காத்து வளர்த்து, பழமும் பிடித்து நிற்கும் செடியைப் பிடுங்கி எறி என்றால் எந்த விவசாயிக்குக் கை வரும்?

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் சிறு தோட்டக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், விரிவாக்க அலுவலர் ஒருவர் இதை விளக்கியதை நான் கேட்டிருக்கிறேன். நோய் பரவும் சதவீதங்களை அவர் படித்தவரையில் யாரும் அசையவில்லை. பிறகு கோணிப்பையிலிருந்து ஒரு தண்டை எடுத்து, அரிவாளால் நெடுக்கப் பிளந்து காட்டினார். உள்ளே மரத்தூள் இறுக அடைத்த சுரங்கம் வளைந்து வளைந்து கீழே வேர்வரை சென்றது. "போன அக்டோபர்ல இந்த ஒரு செடியைப் பாவம்னு விட்டுட்டாங்கண்ணே. இப்போ மேல்வரிசை பூரா போயிடுச்சு" என்றார். "பழம் நிக்குதே சார், எப்படிப் பிடுங்கறது?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர், "தோல் நல்லா இருக்கற செடியிலயும் உள்ள புழு இருக்குமா?" என்றார். தண்டு கைமாறிக் கைமாறிப் பின்வரிசைவரை போயிற்று. மேட்டை விரலால் தடவிப் பார்த்தவர்கள், அதே மேட்டைத் தங்கள் தோட்டத்திலும் தடவிப் பார்க்கலாம் என்பதை உணர்ந்தார்கள். கதை இங்கே தன் கடமையைச் செம்மையாகச் செய்தது. சதவீதம் தொடாத மனத்தைத் தொட்டது மட்டுமன்று, சொன்னவர் இல்லாத இடத்திலும் கேட்டவர் தாமே சோதித்துக்கொள்ளத்தக்க ஓர் அடையாளத்தையும் அது கொடுத்தது.

இதற்கு நேர்மாறான கதியை அடைந்த ஒரு கதையும் நம் நாட்டில் உண்டு. அது மிகவும் புகழ்பெற்றது, உயர்ந்ததுங்கூட. 1979 ஆகஸ்டு 10 காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நான்கு கட்டங்களும் 17 டன் எடையும் கொண்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பி, இரண்டாம் கட்டத்தில் நிலைதவறி, 317 விநாடிகளில் பயணம் முடிந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றுப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18-இல் 35 கிலோ எடையுள்ள ரோகிணியை ராக்கெட் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பத்திரிகையாளர்களிடம் பேசும்படி கலாமையே அனுப்பினார் தவான். கலாம் இதைப் பற்பல மேடைகளில் சொன்னார், கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். தலைமைப் பண்பைப் போதிக்கும் வகுப்பு எதிலும் இன்றைக்கும் இது தவறாமல் இடம்பெறுகிறது.

அப்படி இடம்பெறும்போது விடுபட்டுப் போவது எது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலத்துக்குரிய வால்வு ஒன்று, தூசி புகுந்ததால் மூடாமல் நின்றுவிட்டது. அமிலம் கசிந்து வெளியேறியது. புறப்பாட்டுக்குச் சில நிமிஷங்களே இருந்தபோது கணினி இறங்குமுக எண்ணிக்கையை நிறுத்தி எச்சரித்தது. இருப்பிலுள்ள அமிலம் போதும் என்று வல்லுநர்கள் கூற, கலாம் கணினியை மீறிச் செலுத்த உத்தரவிட்டார். இவற்றை அவர் மறைக்கவில்லை. 1999-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் கசிவையும் அதன் காரணத்தையும் எழுதினார். கணினியை மீறிய தம் முடிவை மேடைகளில் தாமே ஒப்புக்கொண்டார். பின்னால் எடுத்துச் சொன்னவர்களின் வாயில்தான் வால்வு உதிர்ந்துபோய், இரண்டு பெருந்தன்மையாளர்கள் மட்டும் எஞ்சினார்கள். ஒரு பொறியாளனுக்கு அந்தச் சம்பவத்தில் கற்கத்தக்க முதற்பாடம், எச்சரிக்கையை மீறும் அதிகாரம் எந்தக் கணக்கின்மேல் நிற்க வேண்டும் என்பதே. பெருந்தன்மை அடுத்ததாக வரவேண்டியது. கதைக்கு மனிதர்கள் வேண்டும். தூசிக்குக் கதையில் வேஷம் கிடைப்பதில்லை. சொல்லச் சொல்லக் கதை மெருகேறுவதும், மெருகேற ஏறக் காரணம் தேய்வதும் இதன் இயல்பான தோஷம்.

கதையின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு வாக்குப்பதிவு இயந்திரம் சாட்சி. கேரளத்துப் பரவூர் தொகுதியில் 1982-இல் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதல் உபயோகிக்கப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் அத்தேர்தலைத் தள்ளியது. 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001-இல் தமிழ்நாடு முழுவதும் இயந்திரத்திலேயே வாக்களித்தது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதன் ஆக்கத்தில் பங்குகொண்ட எஸ். ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் தமிழர்களுக்கு விஞ்ஞானத்தைக் கதைபோலச் சொல்லிக்கொடுத்தவர். அத்தகைய சாமர்த்தியசாலி உடனிருந்தும், இயந்திரத்தின்மேல் எழுந்த சந்தேகத்தை விளக்கங்களால் தீர்க்க முடியவில்லை. தன் வாக்கு எங்கே விழுந்தது என்பதைக் கண்ணால் காணவேண்டும் என்று வாக்காளன் கேட்டது நியாயமே. 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்குப் பிறகு படிப்படியாக வந்த காகிதச் சீட்டு, ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னே நின்று அந்தக் காட்சியைக் கொடுக்கிறது. விவாதம் ஓய்ந்துவிடவில்லை, ஆனால் விவாதிக்கவும் எண்ணிப் பார்க்கவும் பிரத்தியட்சமான ஒரு பொருள் கிடைத்தது. நம்பும்படி சொல்வதைவிடச் சோதிக்கும்படி செய்வது மேலான பணி என்று நான் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

கதை சொல்லும் பாணியின் இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும், வாதாடும், வாசகரின் அன்பையும் கவர்ந்துகொள்ளும். நாவலில் அது முறையே. ஆனால், விற்பனைக்கு வரும் ஒரு மென்பொருளைப் பற்றி, அது புரிந்துகொள்கிறது, தானே கற்கிறது, முடிவெடுக்கிறது என்று அதே பாணியில் சொல்லும்போது, யாருடைய தரவுகளைச் சேர்த்து, யார் நிர்ணயித்த அளவுகோலின்படி அது இயங்குகிறது, தவறினால் நஷ்டம் யாருடையது என்ற கேள்விகளெல்லாம் பாத்திரத்தின் பின்னால் மறைந்துவிடுகின்றன. அத்தகைய மென்பொருளால் கடன் மறுக்கப்பட்ட ஒருவன் யாரிடம் போய்க் காரணம் கேட்பான்?

மேலும், சொல்வன்மைக்கு மதிப்பு கூடக் கூட, சொல்வன்மை இல்லாதவனுடைய அறிவுக்கு மதிப்பு குறைகிறது. நன்றாகப் பேசுகிறவனுடைய திட்டத்துக்குப் பணம் ஒதுக்கப்படுவதும், திக்கித் திக்கிப் பேசுகிறவன் கண்ட பிழை கூட்டக் குறிப்பில்கூட ஏறாமல் போவதும் அலுவலகங்களில் சர்வசாதாரணம். தமிழ்வழியில் படித்து, கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேச நேரும் பிள்ளைகளுக்கு இந்த அநீதி இரட்டிப்பாகிறது.

இக்குறைகளுக்காகக் கதை சொல்லும் பயிற்சியை நிறுத்திவிடலாகாது. அதன் பாடத்தை மாற்ற வேண்டும். மாணவன் தன் வெற்றியைச் சொல்லப் பழகுவதற்கு முன், நிகழ்ந்த ஒரு தோல்வியை எடுத்துக்கொண்டு, எந்த நிமிஷத்தில் எந்தக் கருவி என்ன காட்டியது, அதைக் கண்டவர் யாரிடம் சொன்னார், பொருட்படுத்த வேண்டியதில்லை என்று யார் எதைக்கொண்டு தீர்மானித்தார் என்று வரிசையாக எழுதட்டும். அதை வகுப்பில் இன்னொரு மாணவன் தன் வாயால் திரும்பச் சொல்லட்டும். அப்படிச் சொல்லும்போது எந்த விவரம் உதிர்ந்துபோயிற்று என்று எழுதியவனே குறித்துக்கொண்டு, அது உதிராதபடி மறுபடி எழுதட்டும்.