சரிவா, சர்க்கரையா?

ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை வளைந்து வளைந்து செல்லும் மோசல் பள்ளத்தாக்கில் ஒயினின் தரத்தை அளக்க இரண்டு கோல்கள் உண்டு: சாற்றின் இனிப்பு, கொடி நிற்கும் இடம். 1971-இல் வந்த ஜெர்மன் ஒயின் சட்டம் முதலாவதையே அரியணை ஏற்றியது. ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் நீரைவிட எத்தனை கிராம் கூடுதலோ, அதுவே ஓக்ஸ்லே அளவு. அது ஏற ஏறக் கபினெட், ஸ்பேட்லேசே, அவுஸ்லேசே என்று பட்டமும் ஏறும். இந்தக் கணக்கில் சமவெளித் தோட்டமும் செங்குத்துச் சிலேட்டுச் சரிவும் ஒன்றே. பீஸ்போர்ட் ஊரின் கோல்ட்ட்ரோப்ஃகென் பேர்பெற்ற சரிவு. மிகெல்ஸ்பெர்க் என்பதோ அக்கம்பக்கத்து ஊர் நிலங்களையும் சேர்த்துக் கட்டிய பெருந்தொகுதி. இரண்டுமே பீஸ்போர்ட் பெயரோடு விற்றன. புட்டியின் சீட்டைப் படித்து எது எதுவென்று அறிய வழியில்லாமல் இருந்தது. தர அளவுகோல் என்றால் அது இடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் கட்சி.

எண் யாருக்கும் சலுகை காட்டாது, இடப்பெருமை பழைய குடும்பங்களின் சொத்து என்பார்கள். பாதி நியாயம். ஆனால் 1868-இல் பிரஷ்ய அரசு வெளியிட்ட சார்-மோசல் வரைபடம் நிலவரிக்காகத் திராட்சைத் தோட்டங்களைத் தரம் பிரித்தது. வரி வசூலிப்பவனுக்கு எந்தக் குடும்பத்தின் பெருமையைக் காப்பதிலும் அக்கறை இல்லை. இன்று சிறந்தவை எனப்படும் சரிவுகள் பலவும் அந்தப் படத்தில் உயர்தரமாகவே இருக்கின்றன. குளிர் மிகுந்த அந்நாட்களில் ரீஸ்லிங் திராட்சை நன்கு பழுத்ததே வெயில் விழும் தெற்குச் சரிவுகளில்தான். ஆகவே சர்க்கரையைப் பார்த்தால் இடமும் ஓரளவு தெரிந்தது. வெப்பம் கூடிவிட்ட இன்று எங்கும் பழுக்கிறது. அந்த எண் பழைய சாட்சியைச் சொல்வதில்லை. 2021-இல் திருத்தப்பட்ட சட்டமும் பிறப்பிடத்தை முன்னிறுத்துகிறது.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. இடத்தை உயர்த்துவோர் முழுக்க நொதித்து இனிப்பு நீங்கிய ஒயினையே உச்சமாக்குகிறார்கள். நொதிப்பை நடுவில் நிறுத்தி, சாராயம் குறைந்து, இனிப்பும் புளிப்பும் இழுத்துப் பிடிக்கும் கபினெட் மரபு ஓரங்கட்டப்படும் என்கிறார்கள். அப்படி நடந்தால் இழப்புதான். அந்தக் கபினெட்டுக்கு ஈடு வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் இடம் முதல் கேள்வி, பாணி இரண்டாவது கேள்வி. ஒரே சரிவின் பெயரில் இரண்டும் நிற்கத் தடையில்லை; மோசலின் முன்னணிப் பண்ணைகள் பல அப்படித்தான் விற்கின்றன.

இதில் கூலிக் கணக்கும் உண்டு. பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 பாகையைத் தாண்டும். அங்கே பெரும்பகுதி கைவேலைதான். சமவெளியில் இயந்திரம் முடிக்கும் வேலைக்குப் பல மடங்கு நேரம். சீட்டு அந்த உழைப்பைச் சொல்லாவிட்டால் விலையும் சொல்லாது, சரிவில் புதர் மண்டும். 365 கிலோமீட்டர் மோசல்ஸ்டைக் நடைபாதைக்கு வருவோர் பார்க்க வருவதும் அந்தக் கொடிச்சரிவுகளைத்தான்.