தில்லை விதானத்துப் பிச்சை உலா

சிதம்பரம் நடராசர் கோயிலில், சிவகாமசுந்தரி அம்மன் சன்னிதி முன்மண்டப விதானத்தில், பிட்சாடனர் வரலாறு தீட்டப்பெற்றுள்ளது. இது நாயக்கர் காலத்தது, 17ஆம் நூற்றாண்டினது என்பர். சி. சிவராமமூர்த்தி முதலிய கலையறிஞர் இதனை ஆராய்ந்துள்ளனர். தமிழ் பயின்ற நாமோ, உமாபதி சிவாசாரியாரின் கோயிற் புராணம் கையிலிருக்கும் துணிவில், ஓவியத்தை அந்நூலின் விளக்கப்படமெனக் கொண்டு அமைந்துவிட்டோம். அது பொருந்தாது என்பதே என் கருத்து.

புராணம், தாருகாவன முனிவர்தம் செருக்கை அடக்கும் நோக்கினது. கருமமே பயன்தரும், இறைவன் வேண்டா என்னும் அவர்தம் கோட்பாடு அங்கு வீழ்கின்றது. கோட்பாட்டை வண்ணத்தில் தீட்டுதல் எங்ஙனம்? ஓவியன் அதனோடு மல்லாடவில்லை. வீட்டு வாயிலுக்கு வந்துவிடுகின்றான். பலியிட வந்து ஆடை நெகிழ நிற்கும் மகளிரே அவன் உள்ளத்தை ஈர்த்தவர். அவர்தம் பூவேலைச் சேலையும் கொண்டையும் அணிகலனும் முனிவர் வனத்துக்கு உரியன அல்ல. நாயக்கர் காலத் தெருவுக்கு உரியன. நாள்தோறும் பிச்சையிடும் கைகளைக் கண்ட கண்ணே இவற்றை வரைந்தது எனலாம்.

சடங்கின் சாயலும் இங்குண்டு. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய இருவிழாக்களிலும், தேருக்கு முன்னாள், பிட்சாடனர் தில்லை வீதியில் உலாப் போதருவார். இன்றைய உலாவைக் காட்டி அன்றைய ஓவியனை அளத்தல் முழுச்சான்று ஆகாது என்பார்க்கு யான் உடன்படுவேன். எனினும் ஓவியத்தின் அமைப்பையே நோக்குக. கதை பட்டை பட்டையாக நீள்கின்றது. நின்ற இடத்திலிருந்து அதனைக் கண்டு முடித்தல் இயலாது. அண்ணாந்தவாறே அடியெடுத்து வைத்தல் வேண்டும். (கழுத்து நோவும் என்பது வேறு.) காண்போன் பெருமானுடன் நடக்கின்றான், உலாவில் ஒருவனாகின்றான். ஏட்டைப் புரட்டுவோனுக்கு இவ்வியைபு வாய்ப்பதில்லை.

அவ்விதானத்திலேயே தீட்டப்பெற்ற மாணிக்கவாசகர் வரலாற்றையும் இந்நோக்கில் ஆராய்தல் தகும். மார்கழி விழாவில் அவர் திருவுருவை எழுந்தருளுவித்துத் திருவெம்பாவை ஓதும் வழக்குடைய தலம் இது. கடலூர்ப் பகுதியிலிருந்து வரும் முதுகலை மாணாக்கர் புராணத்தை விரிக்குமுன் மண்டபத்தில் ஒருமுறை நடந்து வருவாராக. வண்ணம் உதிர்ந்த இடங்களை நூல்கொண்டு நிரப்பும் வேட்கை நமக்கு மிகுதி. உதிராத இடங்களையே நாம் இன்னும் சரிவரப் பார்க்கவில்லை.